மூக்கில் விரலா, வாயில் அறையா?

கேள்வி: லண்டன் அலுவலக மேலாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, ‘ஐ வாஸ் காப்ஸ்மேக்ட்’ (gobsmacked) என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பாராட்டா, திட்டா? பதிலில் நானும் அதே சொல்லைப் போடலாமா?

பதில்: ‘வாயடைத்துப் போனேன்’ என்கிறார். நல்லதைப் பார்த்தும் வாயடைக்கும், கெட்டதைப் பார்த்தும் அடைக்கும். எனவே அடுத்த வரியைப் பாருங்கள். ‘இரண்டே வாரத்தில் இவ்வளவா’ என்று போனால் பாராட்டு. ‘இத்தனை பிழையா’ என்று போனால் திட்டு. அதனால்தான் இதை ‘அசந்து போனேன்’ என்று மொழிபெயர்த்தால் சில இடங்களில் இடறும். அது பெரும்பாலும் மெச்சுகிற சொல்.

பிரித்துப் பார்த்தால் விளங்கிவிடும். ‘காப்’ என்பது வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பேச்சில் வாய். நம் ஊரில் ஒருவர் வாயை வாய் என்னாமல் கோபத்தில் வேறு மாதிரிச் சொல்வாரே, அந்தத் தினுசு. ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக் மொழிகளில் ‘கொப்’ என்றால் பறவையின் அலகு. அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வாய்க்குள் போட்டால் பேச முடியாத பெரிய உருண்டை மிட்டாய்க்கு அங்கே ‘காப்ஸ்டாப்பர்’ என்று பெயர். ‘ஸ்மேக்’ என்பது அறை. வாயில் ஓர் அறை விழுந்தவர் மாதிரி நிற்பது என்பது ஒரு விளக்கம். வியப்பில் தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொள்வது என்பது இன்னொன்று. நாம் மூக்கில் விரல் வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். வட இங்கிலாந்துப் பேச்சில் புழங்கிய சொல்லை 1980களில் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் நாடெங்கும் பரப்பின. இதே பொருளுள்ள ‘ஃப்ளாபர்காஸ்டட்’ மிக மூத்தது; 1772லேயே புதுப் பாஷன் சொல்லென்று அச்சில் கிண்டலுக்கு ஆளானது.

எழுதும்போது ஒரே சொல்லாக எழுதுங்கள், நடுவில் கோடு வேண்டாம். கடைசி ஒலி ‘ட்’ மட்டும். ‘காப்ஸ்மேக்கெட்’ என்று நீட்டுவது தவறு. முன்னால் ‘வெரி’ ஒட்டாது, ஏனென்றால் சொல்லே உச்சத்தில் நிற்கிறது, ‘அப்சொலூட்லி’ சேர்ப்பார்கள். பின்னால் ‘பை’ அல்லது ‘அட்’ வரும்.

மேலாளரே தொடங்கிவைத்ததால், அவருக்கு மட்டும் போகும் பதிலில் தாராளமாகப் போடலாம். வாடிக்கையாளருக்கோ மனிதவளத் துறைக்கோ நகல் போகிறதென்றால் ‘அஸ்டானிஷ்ட்’ போதும். ‘காப்’பை மட்டும் தனியாக எடுத்து யாரிடமும் வீசிவிடாதீர்கள், ‘ஷட் யுவர் காப்’ என்றால் ‘வாயை மூடுடா’.