செவ்வாய் மேல் ஆசையா? ஜியாலஜி படிக்கட்டும்

போன வாரம் ஓர் அம்மாவும் அப்பாவும் மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் கேட்க அவளோடு வந்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். செவ்வாய் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுடைய பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் சீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார். வீட்டை அடமானம் வைக்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "இதெல்லாம் நடக்கிற காரியமா சார்? செவ்வாய்க்கு ராக்கெட் விட்டு யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். 2012-ல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் கேல் பள்ளத்தில் எடுத்த படம். காங்கிரீட்டில் பதிந்த ஜல்லி மாதிரி கூழாங்கற்கள், முனை மழுங்கி உருண்டையாக. "காற்று இவ்வளவு பெரிய கல்லை உருட்டாது சார். இது ஆத்துத் தண்ணி." அரை மணி நேரம் பேசினாள். ராக்கெட் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

அம்மா, அதனால் நேராகவே சொல்கிறேன். அந்த சீட் வேண்டாம்.

ஏரோஸ்பேஸ் மோசமான படிப்பு இல்லை. கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பூட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. உங்கள் மகள் அந்த ரகம் இல்லை. இன்னொன்றையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் ராக்கெட் தொழில்நுட்பம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குள் வருகிறது. அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவருக்கு அந்த வேலைகளில் பெரும்பாலானவை கிடைக்காது. கடன் வாங்குவதற்கு முன் யாராவது உங்களிடம் இதைச் சொன்னார்களா?

இயற்பியல், கம்ப்யூட்டர் வழிகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விடுகிறேன். யாரும் பேசாத வழி நிலவியல், அதாவது ஜியாலஜி. பெரியப்பா "கல்லைப் படிச்சு என்ன பண்றது?" என்றாராம். செவ்வாயில் இருப்பதே கல்தானே! ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ஊர்திகளின் தலைமை அறிவியலாளர் ஸ்டீவ் ஸ்குயர்ஸ் ஜியாலஜி படித்தவர். கியூரியாசிட்டிக்குத் தலைமை வகித்த ஜான் குரோட்ஸிங்கர் நிலவியலாளர். பெர்சிவியரன்ஸ் ஊர்திக்குத் தலைமை வகித்த கென் ஃபார்லி புவிவேதியியலாளர், அதாவது பாறைகளின் வேதியியலைப் படித்தவர். ஊர்தியைக் கட்டுவதும் இறக்குவதும் இன்ஜினியர்கள் வேலை. அது எங்கே இறங்க வேண்டும், எந்தக் கல்லைத் துளைக்க வேண்டும் என்ற விவாதத்தில் கல்லைப் படித்தவர்கள் பேச்சுதான் முன்னே நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று. 2006-ல் ஸ்பிரிட்டின் முன் வலது சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. பின்பக்கமாக ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். அது மண்ணைக் கீறிக்கொண்டே வந்தது. 2007-ல் அந்தக் கீறலில் வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு தெரிந்தது. சோதித்தால் ஏறக்குறைய 90 சதவீதம் சிலிக்கா, மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பொருள். பூமியில் அப்படிப்பட்ட சிலிக்கா வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலும் எரிமலை ஆவி வரும் வாய்களிலும் சேரும். அங்கே ஒரு காலத்தில் சூடும் தண்ணீரும் ஒன்றாக இருந்திருக்கின்றன. ஒரு பழுதான சக்கரம் காட்டிய வெள்ளை மண்ணுக்கு இந்த அர்த்தத்தைச் சொன்னது நிலவியல்.

யாருக்கு லாபம் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். பூமியின் மேலோடு ஓயாமல் நகர்கிறது, மடிகிறது, உள்ளே போய் உருகுகிறது. அதனால் 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறை நம்மிடம் மிகக் கொஞ்சம், அதுவும் வெந்து உருமாறியது. உயிர் தொடங்கிய காலத்தின் பக்கங்களே நம் புத்தகத்தில் கிழிந்துவிட்டன. செவ்வாயின் மேலோட்டில் அப்படி நகரும் தட்டுகள் இல்லை, பழைய பாறை அப்படியே கிடக்கிறது. ஜெசீரோ பள்ளத்துக்குள் ஓடிவந்த ஒரு பழைய ஆற்றின் தடத்தில், 2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ஒரு பாறையைக் கண்டது. கரிய விளிம்போடு சிறுத்தைப் புள்ளிகள். பூமியில் அப்படிப் புள்ளிகள் வரும் இடங்களில் பல சமயம் நுண்ணுயிர்களும் இருக்கும். உயிர் இல்லாத வேதிவினையாலும் வரலாம், அது இன்னும் தீரவில்லை. அப்புறம், செவ்வாய் தன் காந்தப்புலத்தை இழந்த பிறகு சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் துகள்கள், அதன் வளிமண்டலத்தைச் சுரண்டிக்கொண்டு போனதை, செவ்வாயைச் சுற்றிய மேவன் கலம் 2014 முதல் அளந்திருக்கிறது. ஆறு ஓடிய ஒரு கோள் எப்படிக் காய்ந்தது என்பது, ஆறு ஓடும் கோளில் வாழ்கிற நமக்குத் தெரிய வேண்டாமா?

சரி, படிப்புக்கு வருவோம். இளநிலையில் ஜியாலஜி, கூடவே கணிதத்தையும் வேதியியலையும் விடக்கூடாது. முதுநிலையில் தொலையுணர்வும் (விண்ணிலிருந்து எடுத்த படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது) கனிமவியலும். பிறகு முனைவர் பட்டம், அது இல்லாமல் இந்தத் துறையில் நிற்க முடியாது. பள்ளி முடித்து பத்து வருடம் ஆகும், கோள் ஆராய்ச்சியில் இடங்களும் குறைவு. இதை மறைத்து உங்களிடம் பேச மாட்டேன். ஆனால் வழியில் நின்றுவிட்டாலும் நிலத்தடி நீர், சுரங்கம், அணை, நிலச்சரிவு ஆய்வு என்று அதே படிப்புக்கு வேலை உண்டு. முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை தரும் இடத்தில் மட்டுமே சேர வேண்டும். தராத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் பாருங்கள். 2006 முதல் செவ்வாயைச் சுற்றும் ஒரு கலத்தில் ஹைரைஸ் என்ற கேமரா இருக்கிறது. ஒரு மேசை அளவு பாறைகூட அதன் படங்களில் தெரியும், எல்லாமே இணையத்தில் இலவசம். அவளே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, எது முதலில் வந்தது, ஆறா, எரிமலைக் குழம்பா, விண்கல் மோதலா என்று ஒரு நோட்டில் வரைந்து எழுதட்டும். பத்து நாளில் சலித்துவிட்டால் வேறு வழி பேசுவோம். நோட்டு நிரம்பினால் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு அவளே விளக்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.