அமெரிக்கச் சதத்தில் ‘ஏ’ – ‘எம்’ இடைவெளி: எந்த ஆண்டில் எதைத் தேடுவது?

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வந்த மாமா ஒரு போத்தல் நிறைய அமெரிக்க ஒரு சதக் காசுகள் தந்தார். எழுத்து இடைவெளி மாறிய காசுகளுக்கு நல்ல விலை என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? புளி போட்டு மினுக்கிவிட்டுப் பார்க்கலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: புளி வேண்டாம், பிராசோவும் வேண்டாம். 1982இல் உலோகம் மாறிய பின் வந்த சதங்கள் துத்தநாகத்தில் செய்தவை. மேலே இருப்பது மெல்லிய செப்புப் பூச்சு மட்டுமே. மினுக்கிய காசைச் சேகரிப்பாளர் தொடமாட்டார். அழுக்கு மறைத்தால் வெந்நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

முதலில் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1992, 1998, 1999, 2000 ஆகிய நான்கும் போதும். லிங்கன் நினைவு மண்டபம் உள்ள பின்பக்கத்தில், மேல் விளிம்பில் ‘அமெரிக்கா’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அடிகள் ஏறக்குறைய முட்டினால் நெருக்கம். நடுவே தெளிவான வெளி தெரிந்தால் அகலம். பத்து மடங்கு லென்ஸ் தேவை. செட்டியார் தெருப் பத்தர்மார் பாவிக்கும் லென்ஸே போதும்.

பலர் தடுமாறுவது ஆண்டில்தான். 1993 முதல் புழக்கக் காசுக்கு நெருக்கமே வழக்கம். சேகரிப்பாளருக்கென்று தனியாக அடித்த ‘புரூஃப்’ காசில் அகலம். அந்தப் ‘புரூஃப்’ வகைப் பின்பக்க அச்சு 1998, 1999, 2000இல் பிலடெல்பியாப் புழக்கக் காசுகள் சிலவற்றுக்கும் பயன்பட்டுவிட்டது. ஆகவே அந்த மூன்று ஆண்டிலும் ஆண்டெண்ணின் கீழ் ‘டி’ எழுத்து (டென்வர் நாணயச்சாலையின் அடையாளம்; பிலடெல்பியாக் காசில் இது இராது) இல்லாத காசில் அகலத்தைத் தேடுங்கள். 1999 அரிது, 2000 ஓரளவு அகப்படும். 1992இல் கதை தலைகீழ்: அகலம் சாதாரணம், நெருக்கம் மிக மிக அரிது. ‘டி’ உள்ளதோ இல்லாததோ, இரண்டையும் பாருங்கள். 1992 அகலக் காசைப் பொக்கிஷம் என்று விற்க வருகிறவர்களுக்கு இந்த வரியைக் காட்டலாம்.

சந்தேகம் வந்தால் இரண்டாவது அடையாளம் உண்டு: மண்டபத்தின் வலப்புற அடியில் உள்ள, வடிவமைப்பாளரின் பெயரெழுத்துகளான ‘எஃப்ஜி’. அகல வகையில் அவை கட்டடத்தை ஒட்டி நிற்கும், நெருக்க வகையில் சற்று விலகி நிற்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புங்கள். தேய்ந்த காசில் வெளியின் அளவு ஏமாற்றலாம். பூச்சு கொப்பளித்த காசில் வெளி அடைபட்டு நெருக்கம்போல் காட்டும். காசைச் சரித்துப் பிடித்தால் நிழலும் ஏமாற்றும். மேசைவிளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

கொழும்பின் உப்புக் காற்றில் பூச்சு கீறிய துத்தநாகம் வெகு விரைவில் பொரியும். பிவிசி அல்பத்தில் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும். மைலார் சாளரமுள்ள அட்டை, இறுக்கமான டப்பா, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஆகியவை போதும். தரச்சான்றுக்கு அமெரிக்கா அனுப்புவதென்றால் 1992 நெருக்கத்துக்கும், மினுக்கம் குலையாத 1999 அகலத்துக்கும் மட்டும் யோசியுங்கள். தேய்ந்த 2000 காசுக்குத் தபால் செலவே கட்டாது.