ஃபுல் ஸ்டாக்கா, ஒரே பிரிவா? மகளுக்காகக் கேட்கும் பெற்றோருக்கு

வெப் டெவலப்மெண்டில் எல்லாவற்றையும் (ஃபுல் ஸ்டாக்) படிப்பதா, பயனர் பார்க்கும் திரைப் பகுதியான ஃப்ரன்ட் எண்டில் மட்டும் தேர்வதா என்று உங்கள் மகள் குழம்புவதாக எழுதியிருந்தீர்கள். முதலில், வேலைக்கு எடுக்கும் டீம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும்.

நாலைந்து பேர் டீமில் ஒருவரே ஸ்கிரீனையும் வடிவமைப்பார், டேட்டாபேஸிலும் கை வைப்பார், சர்வரிலும் ஏற்றுவார். 'இது என் வேலையில்லை' என்பவரை அங்கே எடுக்க மாட்டார்கள். டீம் பெருகினால் வேலை பிரியும். பாதுகாப்பு, வேகம், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு ஏற்ற வடிவமைப்பு என ஒவ்வொன்றுக்கும் ஆழம் தெரிந்த ஆளைத் தேடுவார்கள். அந்த இடங்களைப் பெரும்பாலும் அனுபவசாலிகளே நிரப்புகிறார்கள்.

புதியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று: "இந்தப் பக்கம் திறக்க ஆறு நொடி ஆகிறது, என்ன செய்வீர்கள்?" முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். மேலோட்டமாகப் படித்தவர் உடனே சர்வரை மாற்றச் சொல்வார். விஷயம் தெரிந்தவர் பிரவுசரில், எது வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து, எந்த ரிக்வெஸ்ட் (சர்வருக்குப் போகும் கோரிக்கை) இழுக்கிறது என்று பார்ப்பார். படம் பெரிதென்றால் சுருக்குவார். சர்வரிடம் தகவல் கேட்டு வாங்கும் ஏபிஐ-யின் பதில் தாமதமென்றால், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் குவெரியை, அது எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளை போட்டுப் பார்த்து, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் விடுபட்டிருக்கிறதா என்று தேடுவார். சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்கப் பரந்த அறிவு வேண்டும், அதைச் சரிசெய்ய ஆழம் வேண்டும்.

அதனால் ஒரு பிரிவை ஆழமாகப் படிக்கட்டும். மற்றப் பிரிவில் சிறிய ஆப் ஒன்றைத் தனியாக முடிக்கும் அளவு பழகட்டும். ஃப்ரன்ட் எண்ட் கருவிகளில் ஜேகுவெரி 2006-இல் வந்தது, ரியாக்ட் 2013-இல். கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். அடியில் இருக்கும் ஹெச்டிடிபி (பிரவுசரும் சர்வரும் பேசும் முறை), ஜாவாஸ்கிரிப்ட் (வெப் பக்கத்தை இயக்கும் மொழி), எஸ்க்யூஎல் ஆகியவை நிலைத்திருக்கின்றன. நேரத்தை அங்கே செலவிடுவதே லாபம்.

ரெஸ்யூமில் பத்துப் பதினைந்து கருவிகளின் பெயர்களை அடுக்க வேண்டாம். எதை எழுதினாலும் அதிலிருந்து கேள்வி வரும். லாகின், டேட்டாபேஸ் இரண்டும் உள்ள ஒரே ஒரு தளத்தை இணையத்தில் ஓடவிட்டு, அதன் நிரலை (கோட்) எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற தளத்தில் வைத்தால் போதும். மூன்றே மாதத்தில் எல்லாம் கற்றுத் தருவதாகச் சொல்லும் கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்டர்வியூ முடிவில் அவளும் கேட்கட்டும்: "டீமில் எத்தனை பேர்? நான் எழுதும் நிரலை யார் ரிவ்யூ செய்வார்கள்?" அவள் ஒருத்திதான் டெவலப்பர் என்றால், முதல் வேலையாக அதை ஏற்க வேண்டாம்.