அம்மாவின் சிறுநீர்த் தொற்றுக்கு பிராய்லர் கோழிதான் காரணமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற கிருமி என்று போட்டு, பாதி மருந்துகளுக்கு மேல் ‘ஆர்’, அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது, என்று இருக்கிறது. ‘கோழிக்குப் போடுற மருந்துதான் காரணம்’ என்கிறார் அண்ணன். பிராய்லரை விட்டுவிட்டு நாட்டுக்கோழிக்கு மாறலாமா?

பதில்: அண்ணன் சொல்வதில் பாதி சரி. கறியில் தங்கியிருக்கும் மருந்துதான் அம்மாவைப் பாதித்தது என்று அவர் நினைத்தால், அது தவறு. நான் அதிகம் கவலைப்படுவது கோழியின் குடலில் வாழும் கிருமியைப் பற்றி. தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடர்ந்து கலந்து கொடுத்தால், அதற்குச் சாகாத கிருமிகளே மிஞ்சிப் பெருகும். அவை பண்ணையில் வேலை செய்பவர் கை, எரு, தண்ணீர், கறி என்று பல வழிகளில் வெளியே வரும்.

கோலிஸ்டின் கதையைப் பாருங்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்து அது. வேறு எதுவும் கேட்காத நோயாளிகளுக்குக் கடைசி ஆயுதமாக அதைத் திரும்ப எடுத்தோம். ஆனால் அதே மருந்தைப் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடத் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்! 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கோலிஸ்டினுக்குச் சாகாமல் கிருமியைக் காப்பாற்றும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பற்றி அறிவித்தார்கள். பன்றிகளிலும் விற்பனைக்கு வந்த இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு அதை அப்படியே கைமாற்றிவிடும். சில மாதங்களிலேயே பல கண்டங்களில் தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2017-இல் சீனா எடை கூட்டுவதற்காகக் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் பன்றி, கோழி, மனிதர் மூன்றிலுமே அந்த மரபணு குறைந்தது. இந்தியாவும் 2019-இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது.

சரி, உங்கள் அம்மாவின் கிருமி எங்கிருந்து வந்தது? ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சுத்த சைவக்காரர்களிடமும் இதே ரிப்போர்ட்டைப் பார்க்கிறோம். முன்பு சாப்பிட்ட ஆன்டிபயாடிக், மருத்துவமனை, தண்ணீர் எல்லாமே காரணமாகலாம்.

கோழியை நிறுத்த வேண்டாம். நாட்டுக்கோழியின் குடலிலும் ஈ.கோலை உண்டு. நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், அது எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியானாலும் சரி. பச்சைக் கறியைக் கையாளும்போதுதான் கவனம் வேண்டும். கறி வெட்டிய பலகையிலேயே பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி நறுக்குகிறோம் இல்லையா, அதுதான் வில்லங்கம். பச்சடியை யாரும் வேகவைப்பதில்லை. பலகையையும் கத்தியையும் தனியாக வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறியைக் கழுவ வேண்டாம் என்று சொன்னால் என் வீட்டிலேயே கேட்பதில்லை. அதனால் குழாயைத் திறந்து தெறிக்க விடாமல் பாத்திரத்தில் கழுவுங்கள், அப்புறம் சிங்க்கையும் தேயுங்கள்.

அம்மாவுக்கு மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கித் தராதீர்கள். ரிப்போர்ட்டில் ‘எஸ்’ (கிருமி அடங்கும்) என்று இருப்பவற்றிலிருந்து உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுக்கட்டும். சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்றவை இன்னும் பலருக்குக் கேட்கின்றன. ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துத்தான் தர வேண்டும். சர்க்கரை அளவையும் பாருங்கள், தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால், பழைய ரிப்போர்ட்டுகளோடு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.