பழைய காரும் ஜாக்கி வைக்கும் இடமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பழைய காரைப் பிரிந்ததைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நம்பித்தான் இதைக் கேட்கிறேன்.

என் காருக்கு இப்போது 18 வயது. முழுக்க என் சம்பாத்தியத்தில் வாங்கியது. எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டிய முதல் பெண் நான்தான். என் மகள் பின் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படித்துத்தான் எண்களைக் கற்றுக்கொண்டாள். அவள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர் பின் கண்ணாடியில் இன்னும் இருக்கிறது. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். இந்தக் காரில்தான் ஓட்டப் பழகுவேன் என்கிறாள்.

கடந்த ஓராண்டில் மூன்று முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போயாகிவிட்டது. முதலில் கிளட்ச். அப்புறம் ரேடியேட்டர் ஒழுகியது. இப்போது எஞ்சின் மவுண்டிங் போய்விட்டது, சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இந்தச் செலவு, காரை விற்றால் கிடைக்கும் தொகையைத் தாண்டிவிடும். 'இனி இதில் போடுகிற ஒவ்வொரு காசும் வீண்' என்கிறார் என் கணவர். அவர் கணக்கில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை. நான் வெறுமனே உணர்ச்சிவசப்படுகிறேனா? எப்போது நிறுத்த வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

அன்புடன்,
உங்கள் வாசகி

பி.கு.: விற்கத்தான் வேண்டும் என்றால், அந்த ஸ்டிக்கரைக் கிழியாமல் எடுக்க வழி இருக்கிறதா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

மெக்கானிக் தந்த பட்டியலைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கிளட்ச், ரேடியேட்டர், மவுண்டிங், புஷ் எல்லாமே காலப்போக்கில் மாற்றுவதற்கென்றே உள்ள பாகங்கள். கிளட்ச் தட்டு உரசித் தேய்வதால்தான் கார் குலுங்காமல் கிளம்புகிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கும் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ்ஷும் ரப்பர். எஞ்சின் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கிடந்து இறுகி, ஒரு நாள் வெடிப்பு விட்டுவிடும். 18 ஆண்டு தாங்கியதே பெரிய விஷயம். ஒரே நோய் மூன்று முறை திரும்பி வந்திருந்தால் நான் கவலைப்படுவேன். உங்கள் காரில் நடப்பது வேறு. ஒன்றாகப் பிறந்த பாகங்கள் ஒன்றாக மூப்படைகின்றன, அவ்வளவுதான். மாற்றிய இடம் புதிது. அது அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்களைக் கூப்பிடாது.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. பாடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காரைத் தூக்கி வைத்து அடியில் பார்த்தாரா?

நான் 21 ஆண்டு வைத்திருந்த காரின் எஞ்சின் கடைசி நாள் வரை ஒரே சாவியில் கிளம்பியது. ஒரு நாள் காலை டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்து வைத்துவிட்டு, ஜாக்கியைக் கதவுக்குக் கீழே அதன் இடத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினேன். வழக்கமாகக் கொஞ்சம் சுற்றியதுமே கார் மூச்சு வாங்குவது போல மேலே எழும்பும். அன்று ஜாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது, கார் அசையவில்லை. காய்ந்த சருகை மிதிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால், ஜாக்கியின் தலை தகட்டுக்குள் இரண்டு விரற்கடை புதைந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. வாரம் தவறாமல் நான் துடைத்த பெயின்ட். ஓட்டைக்குள்ளிருந்து பழுப்புத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சில்லை எடுத்து விரலால் நசுக்கினேன். மாவாக உதிர்ந்தது.

எஞ்சினுக்கு நான் செய்யாத பணிவிடை இல்லை. கீழே ஒரு முறை படுத்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

லாரிக்கு சேஸ் என்கிற அடிச்சட்டம் தனி, அதன் மேல் பாடி தனி. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அப்படித் தனி சேஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து வெல்டு ஆகி, அந்தக் கூடே எடையைத் தாங்குகிறது. மோதினால் அடியை வாங்குவதும் அதுதான். துரு பெரும்பாலும் அந்தப் பெட்டிகளுக்கு உள்ளேயிருந்து தொடங்கும். தண்ணீர் வடிவதற்காக அடியில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். சேறு போய் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துருவாக மாறிய இரும்பு முன்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்புகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை வெகுதூரம் நடந்திருக்கும்.

ஆகவே, புஷ் மாற்றச் சம்மதம் சொல்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். காரை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே போய் நில்லுங்கள். மெக்கானிக்கைத் தனியாக அனுப்ப வேண்டாம். ஜாக்கி வைக்கும் நான்கு இடங்கள், சக்கரத்துக்கு மேலே சஸ்பென்ஷன் வந்து பாடியில் சேரும் இடம், பிரேக் பைப் ஓடும் பாதை, சீட் பெல்ட் பூட்டியிருக்கும் இடம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று சொல்லும். துருப்பிடித்தது மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்தால் முனையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பக்குவமான மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்பே அங்கே யாராவது பட்டி பூசி மறைத்திருந்தால் ஒரு காந்தத் துண்டே காட்டிக்கொடுத்துவிடும். பட்டியில் காந்தம் ஒட்டாது.

ஓரிரு இடத்தில் மட்டும் அரித்திருந்தால் வெட்டி எடுத்து, நல்ல தகடு வைத்து வெல்டு செய்யலாம். சஸ்பென்ஷன் சேரும் இடமே இற்றுப் போயிருந்தால், தயவுசெய்து அதோடு நிறுத்திவிடுங்கள். என் கார் அங்கேதான் முடிந்தது.

பாடி தேறிவிட்டால் எஞ்சினைப் பார்க்கலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்து வேலைதான். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, அது கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறையாமலும் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால், அதில் துளி எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கோளாறு. எண்ணெய் மூடியின் அடியில் வெளுத்த குழம்பு போலப் படிந்திருந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே போய் வரும் காரில் ஈரம் குளிர்ந்தும் அப்படிப் படியும். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பை, அதாவது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். ரேடியேட்டர் ஒழுகியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமயத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியும் ஓட்டினீர்களா? அலுமினிய ஹெட் அதிகச் சூட்டில் நெளிந்துவிடும். அதனால்தான் கேட்கிறேன். பிஸ்டனும் வால்வும் முறை தவறாமல் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லைத் தேடுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். நன்றாக இருந்த எஞ்சின் ஒரு நொடியில் போய்விடும்.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இயந்திரம் எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டால், எனக்கு இர்வ் கார்டன் நினைவுதான் வரும். அமெரிக்காவில் பள்ளி அறிவியல் ஆசிரியராக இருந்தவர். 1966இல் ஒரு வோல்வோ பி1800 வாங்கினார். அதே காரில் 30 லட்சம் மைலைத் தாண்டினார், அதாவது 48 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். கின்னஸ் புத்தகத்திலும் அது இருக்கிறது. அவர் சொன்ன ரகசியம் கையேட்டில் போட்டிருக்கிறபடி பராமரிப்பது, அவ்வளவுதான். நாம் எல்லாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் 18 ஆண்டு என்பது ஓர் இயந்திரத்துக்குத் தானாக வரும் முடிவு இல்லை என்பதை அந்த மனிதர் நிரூபித்துவிட்டார்.

இனி உங்கள் கணவரின் கணக்கு. ரிப்பேர் செலவை விற்பனை விலையோடு ஒப்பிடுவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் நீங்கள் விற்பதற்காகவா ரிப்பேர் செய்கிறீர்கள்? ஓட்டுவதற்காக. அப்படியானால் இந்தக் கார் அடுத்த இரண்டு ஆண்டு ஓட என்ன ஆகும், வேறொரு கார் அதே இரண்டு ஆண்டு ஓட என்ன ஆகும் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். புதிய கார் என்றால் கடன் வட்டி, கூடுதல் இன்சூரன்ஸ், அப்புறம் வாங்கிய முதல் ஆண்டிலேயே கரையும் மதிப்பு. இதை யாரும் பில் போட்டுத் தராததால் செலவாகவே தெரிவதில்லை. பழைய கார் ஒன்றை வாங்கினால் இன்னொருவர் தள்ளிப்போட்ட ரிப்பேர்கள் உங்கள் தலையில் விழும். உங்கள் காரில் எது எப்போது மாறியது என்பது உங்களுக்குத் தெரியும். கிளட்ச்சுக்கும் ரேடியேட்டருக்கும் போட்ட பணத்தை மட்டும் எந்தப் பக்கமும் சேர்க்காதீர்கள். 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்று தொடர்வதும் தவறு, 'இவ்வளவு தின்றுவிட்டதே' என்று வெறுத்து விற்பதும் தவறு.

ஆனாலும் அவரிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். என் வீட்டிலும் இதே வாக்குவாதம் நடந்தது. காசைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இரவில் வரத் தாமதமானால் அவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் தனியாகப் போகும் நாளில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு இருக்கலாம். அந்தப் பயத்துக்குக் கணக்கில் பதில் கிடையாது. இரண்டு பேரும் உட்கார்ந்து, அதிகபட்சம் இவ்வளவு செலவு, இன்ன பாகம் போனால் நிறுத்திவிடுவது என்று கார் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் முடிவு செய்யுங்கள். நடுவழியில் நின்ற அன்று எடுக்கும் முடிவு பெரும்பாலும் கோபத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். காலி மைதானத்தில் கிளட்ச்சும் ஸ்டியரிங்கும் பழக இதைவிட நல்ல கார் கிடைக்காது. காரின் ஒவ்வொரு சத்தமும் உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அவள் தினமும் வேகச் சாலையில் தனியாகப் போகப் போகிறாள் என்றால், கார் சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியாகப் பாருங்கள். ஐரோப்பாவில் 2014இலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 18 வயதுக் காரில் அது இருக்க வாய்ப்பு குறைவு. எந்த மெக்கானிக்காலும் பின்னால் வாங்கிப் பொருத்த முடியாத விஷயம் அது. அதுவரைக்கும் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையாவது பாருங்கள். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். பிரேக் ஆயிலும் அப்படித்தான், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்து, பிரேக் பொசுக்கென்று உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடி இற்றுப்போவதைச் சொல்லிவிட்டேன். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உரிய பாகங்களே கிடைக்காமல் போவது இன்னொன்று. காரணமே பிடிபடாத வயரிங் கோளாறு மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுவதும் அப்படித்தான். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கடைசி ஆண்டில் நான் தூரத்தில் இருக்கும் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். மழை வந்தால் கிளம்ப மாட்டேன். மேட்டுப் பாதையைத் தவிர்த்து நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போவேன். யாராவது கேட்டால் வேறு காரணம் சொல்வேன். கார் என்னைக் கொண்டுபோன காலம் போய், காருக்காக நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அப்படி நடக்க ஆரம்பித்துவிட்டதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான தடயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாடி நன்றாக இருந்தால் நான் இந்தக் காரை ரிப்பேர் செய்துகொள்வேன்.

நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உங்கள் உழைப்பில் வந்தது, உங்கள் பெண் எண் படித்த இடம். பிரியம் இருப்பவர்தான் படுத்துக்கொண்டு அடியில் பார்ப்பார், எண்ணெய் மாற்றிய தேதியைக் குறித்து வைப்பார். காரைப் பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

ஸ்டிக்கரை எடுக்க வழி இருக்கிறது. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சூடு ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். பசை இளகியதும் நட்சத்திரத்தின் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இழுங்கள். நேராக மேலே இழுத்தால் கிழியும். உள்பக்கம் ஒட்டியிருந்தால் பிளேடு மட்டும் வேண்டாம். பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் உள்பக்கம்தான் இருக்கும், சுரண்டினால் அறுந்துவிடும். எடுத்ததும் மெழுகுத் தாளில் ஒட்டி வையுங்கள். மகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அன்புடன்.