ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 – கடிதம்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூரில் பழைய டிஸ்க் விற்கும் கடையில் 2016-இல் வந்த சண்டை கேம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' மலிவாகக் கிடைக்கிறது. அவ்வளவு திட்டு வாங்கிய கேமை வாங்கலாமா? நண்பன் வீட்டு பிஎஸ்4-இல் (பிளேஸ்டேஷன் 4 கன்சோல்) ஆடியபோது பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் அடி விழுந்தது. ஆன்லைனில் எதிராளி திடீர் திடீரென இடம் மாறினான்.

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக வாங்குங்கள். திட்டியதும் நியாயம்தான். 2016 பிப்ரவரியில் கேமைத் தயாரித்த கேப்காம் முழு விலைக்கு விற்றது பாதி வெந்த சோறு. கம்ப்யூட்டர் எதிராளிகளை வரிசையாக வென்று போகும் ஆர்கேட் மோட் இல்லை, கம்ப்யூட்டரோடு ஒற்றைக்கு ஒற்றை மோதவும் வழியில்லை, சர்வரும் தொடக்கத்திலேயே படுத்துக்கொண்டது. முழுக்கதையை ஆடும் பகுதி ஜூலையில்தான் வந்தது. மார்ச் முடிவதற்குள் 20 லட்சம் பிரதிகள் என்று எதிர்பார்த்தார்கள். போனது 14 லட்சம். சண்டையின் அடிப்படை முதல் நாளே அருமையாக இருந்தும், வீட்டில் தனியாக ஆடுபவரை அவர்கள் நினைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஆர்கேட் மோட் 2018 ஜனவரியில் சேர்ந்தது. உங்கள் பழைய டிஸ்க்குக்கும் அது இலவசம்.

இனி அடி தாமதம். வெளியானபோது பிஎஸ்4-இல் சுமார் 8 பிரேம் தாமதம் இருந்தது (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்). நொடிக்கு 60 பிரேம் என்றால் 130 மில்லிசெகண்டுக்கு மேல். எதிராளி குதித்து இறங்க 40 பிரேமை ஒட்டி ஆகும். அதைக் கண் பார்த்துக் கை அசையவே 15 பிரேம் போய்விடும். இதில் டிவி வேறு தன் பங்குக்குச் சேர்த்தால் குதித்து வருபவரை அடிக்கும் உங்கள் ஷோர்யூகன் குத்து எழும்புவதற்குள் உதை விழுந்துவிடும். பின்னால் வந்த அப்டேட்டுகளில் கேமின் தாமதம் குறைந்தது, டிவியின் தாமதம் உங்கள் கையில்தான் இருக்கிறது. படத்தை வழவழப்பாக்கும் வசதிகளை அணைத்து 'கேம் மோட்' போடுங்கள். புதிய மாடல் கன்ட்ரோலர் என்றால் செட்டிங்ஸில் யூஎஸ்பி கேபிள் வழித் தொடர்பைத் தேர்ந்தெடுங்கள். வயரைச் செருகினால் மட்டும் போதாது, அது புளூடூத்திலேயே பேசிக்கொண்டிருக்கும்.

எதிராளி இடம் மாறுவது ரோல்பேக், அதாவது எதிராளியின் அசைவை கேம் ஊகித்து, தவறினால் பின்னே போய்த் திருத்திக் காட்டுவது. இருவர் கன்சோலிலும் நேரம் ஒத்துப்போகாமல், முந்தி ஓடுபவர் திரையில் மட்டும் ஆட்டம் குதித்தது. 2020 பிப்ரவரியில் அதைத் திருத்தினார்கள். மிச்சத்துக்குப் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். ரவுட்டரிலிருந்து லேன் வயர் இழுங்கள். மேட்ச் தேடும்போது இணைப்பின் தரம் காட்டும் சிக்னல் கோடு 4, 5 உள்ளவர்களை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர் 'ஆர்கேட் எடிஷன்' டிஸ்க்கைக் காட்டி விலை ஏற்றினால் அசையாதீர்கள். அதில் தரும் கூடுதல் சண்டைக்காரர்கள் டிஸ்க்கில் இல்லை, பெட்டியில் இருந்த டவுன்லோட் கோட் (code) எண்ணில்தான். டிஸ்க்கை முதலில் வாங்கியவர் அதைப் போட்டிருந்தால் இனி செல்லாது. அப்டேட் பல ஜிபி இறங்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொடங்காதீர்கள்.