கேள்வி பதில்: மாற்றுப்பெயரும் சான்றிதழும்

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் எங்கள் கடையின் டொமைனில் ‘ஆர்டர்’ என்ற துணைப்பெயரை, விற்பனைப் பக்கத்தை நடத்தித் தரும் நிறுவனத்தின் சர்வர் பெயருக்கு சிநேம் பதிவு மூலம் திருப்பியிருக்கிறோம். பிரவுசரில் திறந்தால், சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கிறது. ஆனால் சர்வரைச் சோதிக்க என் மகன் எழுதிய புரோகிராம், சிநேம் காட்டும் பெயரைக் கண்டுபிடித்து அதனுடன் சான்றிதழை ஒப்பிட்டு, எல்லாம் சரி என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: பிரவுசரை நம்புங்கள். சிநேம் என்பது எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று வழி காட்டும் பதிவு மட்டுமே. அங்கே இருப்பவர் யார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு நகையைக் கொடுத்தனுப்புகிறீர்கள். தெருவில் நின்ற ஒருவர், “அவர்கள் இப்போது அடுத்த வீட்டில் இருக்கிறார்கள்” என்றார் என்பதற்காக, அடுத்த வீட்டுக்காரர் தம்முடைய சொந்தப் பெயரை நிரூபித்தவுடன் நகையைக் கொடுத்துவிடலாமா? உங்கள் மகனின் புரோகிராம் அதைத்தான் செய்கிறது.

சிநேம் போன்ற பதிவுகளைத் தேடித் தரும் இணையப் பெயரேடான டிஎன்எஸ் அனுப்பும் சாதாரணப் பதிலில் கையொப்பம் இருப்பதில்லை. விடுதி வைஃபையிலோ வழியில் வேறெங்கோ அந்தப் பதிலை மாற்றக்கூடிய ஒருவர், உங்கள் பெயரைத் தம்முடைய சர்வருக்குத் திருப்பிவிட்டு, தம் பெயருக்கு முறையாக வாங்கிய சான்றிதழையே காட்டினால் போதும்; அந்தப் புரோகிராம் அப்போதும் ‘சரி’ என்றே சொல்லும். ஆகவேதான் 2011-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6125-உம், 2023-இல் அதன் இடத்தைப் பிடித்த ஆர்எஃப்சி 9525-உம், பயனர் கேட்ட பெயரையே ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும், பாதுகாப்பற்ற டிஎன்எஸ் தேடலில் கிடைத்த பெயரை எடுக்கக் கூடாது என்று கூறுகின்றன. டிஎன்எஸ் பதிவுகளுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் முறையில் பாதுகாக்கப்பட்ட பதிவுகளை வைத்துச் சான்றிதழைச் சரிபார்க்கும் டேன் முறையில் இதற்கு விலக்கு உண்டு. உங்கள் கடைக்கு அது தேவைப்படாது. புரோகிராமில் சிநேமைத் தேடும் வரிகளை நீக்கிவிட்டு, வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் பெயரையே சான்றிதழைச் சரிபார்க்கும் டிஎல்எஸ் நிரல் நூலகத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை மறைய வேண்டுமானால், ‘ஆர்டர்’ என்று தொடங்கும் உங்கள் முழுப் பெயர் சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்று சொல்லும் அதன் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இடம்பெற வேண்டும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உங்கள் டொமைனைச் சேர்க்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதைச் செய்யாமல் சிநேமை மட்டும் போட்டுவிட்டதுதான் இங்கே நேர்ந்திருக்க வேண்டும். டொமைனைச் சேர்க்கும்போது, அது உங்களுடையதுதானா என்று சோதிப்பதற்காக, அந்த நிறுவனத்தார் ‘_ஆக்மி-சேலஞ்ச்’ என்ற முன்னொட்டுடன் இன்னொரு சிநேம் பதிவையும் கேட்கலாம். சான்றிதழ் வழங்குபவர் அந்தப் பதிவைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பார் என்பதால், லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் 90 நாளுக்குத் தரும் சான்றிதழையும் உங்கள் கை படாமலே புதுப்பித்துக்கொள்ளலாம். ‘இங்கே மட்டும் சிநேமை நம்பலாமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே சோதிக்கப்படுவது டொமைன் யார் கையில் இருக்கிறது என்பது. அந்தப் பதிவைப் போட முடிந்ததே அதற்கான விடை. ஆனால் அந்தப் பதிவு இருக்கும்வரை உங்கள் பெயரில் சான்றிதழ் வாங்கும் அதிகாரம் அந்த நிறுவனத்திடம் இருக்கும் என்பதால், சேவையை விடும் நாளிலேயே இரண்டு பதிவுகளையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: முன்னொட்டு எதுவும் இல்லாத வெறும் டொமைனுக்கே சிநேம் போட முடியுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முடியாது. 1987-இல் வெளியான ஆர்எஃப்சி 1034-இன்படி, சிநேம் உள்ள பெயரில் வேறு பதிவுகள் இருக்கக் கூடாது. வெறும் டொமைனிலோ, அதை நிர்வகிக்கும் சர்வர்களைக் குறிக்கும் எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் கட்டாயம் இருக்கும். சில டிஎன்எஸ் நிறுவனங்கள் ‘அலையஸ்’ என்ற பெயரில், இலக்கின் ஐபி முகவரியைத் தாங்களே தேடி, பெயருக்கு நேராக முகவரியைத் தரும் ‘ஏ’ பதிவாகக் கொடுக்கின்றன. அப்படிச் செய்தாலும் சான்றிதழில் உங்கள் டொமைன் பெயரே இருக்க வேண்டும்.